வேலையிடத் தொடர்பு: இல்லை

மரக்காணம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காசநோய் ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்ற மாதம் விலகினேன். ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது, முப்பத்து மூன்றுதான். ஒப்பந்த வேலை, ஒப்பந்தம் முடிந்தது, புதுச்சேரியில் வேறு ஆய்வகத்தில் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். என் இடத்துக்கு வந்திருக்கும் நிவேதா முதல் நாளே ஒரு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, மெஷின் ஓட்டுறதெல்லாம் டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்துட்டாங்க. அதுல சொல்லாதது எதுனா இருந்தா எழுதிக் குடுங்க" என்றாள். அவளுக்காகத் தொடங்கிய குறிப்பு இது. வழக்கம்போல எண் போட்டுத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது எண்ணில் அம்சவல்லியின் பெயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எண் போட முடியவில்லை.

இரண்டு ஆண்டு டிப்ளமா, ஆறு மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் சேர்ந்த புதிதில் சளியில் கிருமியைத் தானே கண்டு சொல்லும் இயந்திரம் கிடையாது, மைக்ரோஸ்கோப் மட்டும்தான். சளியைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவி, உலரவிட்டு, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் சுடர் காட்ட வேண்டும். ஆவி எழும்ப வேண்டும், கொதிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துக் கழுவி, அமிலம் ஊற்றினால் மற்றவையெல்லாம் நிறம் இழந்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. மேலே நீலம் ஊற்றிப் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சிறு சிவப்புக் குச்சிகளாகக் கிடக்கும். குச்சி ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டுமானால் நூறு இடம் பார்த்திருக்க வேண்டும். நான் நூறு பார்ப்பேன். தொண்ணூற்றெட்டில் எழுந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சளி எடுக்கும் முறையிலும் அப்படித்தான். அறைக்குள் எடுக்கக் கூடாது. கட்டடத்துக்குப் பின்னால் மதில் ஓரம் வெயிலில் நிற்கவைத்து, காற்று என் முதுகிலிருந்து அவர்கள் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் டப்பாவைக் கொடுப்பேன். மூடிய இடத்தில் ஒருவர் இருமினால் அது மணிக்கணக்கில் அங்கேயே மிதக்கும், வெட்டவெளியில் கலைந்துவிடும் என்று நாள் முழுக்க எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் என் முன்னால் வந்து நின்றவர்கள் மெல்ல மாறினார்கள். ஆரம்பத்தில் வந்தவர்களை வாசலில் பார்த்தாலே தெரிந்துவிடும்: மாதக்கணக்கில் இருமி, ரத்தம் கண்ட பிறகு வருபவர்கள், பெரும்பாலும் குடிக்கும் பழக்கமுள்ள, ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். பிறகு சர்க்கரை நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். சென்னையில் கட்டட வேலைக்குப் போய் ஒரே தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள் வந்தார்கள். கையில் தூக்கிப் போகிற எக்ஸ்ரே வந்த பிறகு, இருமலே இல்லாதவர்களின் படத்திலும் நிழல் தெரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. எந்த வயதானாலும், வந்தவர்களில் நிறையப் பேர் சரியாகச் சாப்பிடாதவர்கள்.

அதைக் கண்டுபிடிக்க எங்கள் மருத்துவர் யாஸ்மினுக்கு ஒரு வழி இருந்தது. என்னைவிட இரண்டு வயது சிறியவர், கோட்டக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார், நின்றுகொண்டேதான் பேசுவார், அவருடைய டீ எப்போதும் ஆறிப்போய் மேஜையில் இருக்கும். பெண் நோயாளி வந்தால் இருமலைப் பற்றிக் கேட்கமாட்டார். "கைய தூக்குங்கம்மா" என்பார். ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பார்ப்பார். உப்பளத்துப் பெண்கள் இளைத்தால் புது ஜாக்கெட் தைப்பதில்லை. இருக்கிற ஜாக்கெட்டைக் கையாலேயே உள்ளே பிடித்துத் தைத்துக்கொள்வார்கள். ஒரு வரிசைத் தையல் என்றால் எடை பார்க்கச் சொல்வார். இரண்டு வரிசை என்றால் சளி. பிறகு குந்தி உட்காரச் சொல்லி, கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்று பார்ப்பார். கால் வீங்கியிருந்தால் கட்டைவிரலால் அழுத்தி, குழி எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் என் பதிவேட்டைத் திறப்பார். என்னைத் திட்டியதே இல்லை. சந்தேகம் வந்த கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டுப் பதில் எழுதுவது என் வேலை.

அம்சவல்லி வந்தது ஒரு தை மாதம். நாற்பத்தாறு வயது, உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. ஜாக்கெட்டில் இரண்டு வரிசைத் தையல். ஆடி மாதத்திலிருந்தே இருமல் என்றார்.

"ஆடியிலேர்ந்தா? ஏன் அப்பவே வரல?"

"உப்புல நின்னா எல்லாருக்குந்தான் செருமிக்கினே இருக்கும். அதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தா நீ வேற யாரையும் பாக்க முடியாது பாப்பா. அதுவும் உப்புக் காத்து. அதுல எந்தப் பூச்சி நிக்கும்?"

அவருடைய சளியில் பூச்சி நிறையவே இருந்தது. அன்றே மாத்திரை தொடங்கியது. அடுத்தது தொடர்புப் பட்டியல்: நோயாளியோடு நெருக்கமாக இருந்தவர்கள் யார் யார் என்று எழுதி, எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். வீட்டுத் தொடர்பு என்ற கட்டத்தில் கணவர், மகன், மருமகள், பேரன் என்று நால்வரை எழுதினேன். நால்வருக்கும் நோய் இல்லை. தடுப்பு மாத்திரை கொடுத்தோம். வேலையிடத் தொடர்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது அம்சவல்லி சிரித்தார். "மழ பேஞ்சு உப்பளமே மூடிக் கெடக்குது. நாலு மாசமா வீட்டுலதான் கெடக்கறேன். வேல ஏது?" கட்டத்தை வெறுமையாக விட்டேன். மறுநாள் பதிவேடு திரும்பி வந்தபோது அந்த வெறுமையில் ஒரு கேள்விக்குறி இருந்தது. நான் யோசித்தேன். உப்பளம் வெட்டவெளி, கடற்காற்றும் வெயிலும் இருக்கிற இடம், அங்கே பரவ வழியில்லை. கேள்விக்குறியை ரப்பரால் அழித்துவிட்டு "இல்லை" என்று எழுதினேன். மருத்துவர் அதை ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு ஆனி மாதம் தேவகியை அவள் கணவன் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் மாமியார் பிடித்துக்கொள்ள, கொண்டுவந்தான். இருபத்து நான்கு வயது. பதினான்கு மாதப் பெண் குழந்தை வீட்டில். அவளுடைய ஊர் அம்சவல்லியின் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர்.

"புள்ளைக்குப் பால் குடுக்கறா இல்ல, அதான் எளச்சிட்டான்னு நெனச்சோம்" என்றார் மாமியார்.

ஜாக்கெட்டில் மூன்று வரிசைத் தையல். எடை இருபத்தொன்பது கிலோ. மருத்துவர் குந்தச் சொன்னார், குந்தினாள், எழ முடியவில்லை. வெட்கத்தோடு சிரித்து, "இரும்மா, எழுந்துக்கறேன்" என்று தரையில் கை ஊன்றினாள். அப்போதும் முடியவில்லை. மருத்துவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். காலில் அழுத்திய குழி, நான் ஒன்று முதல் இருபது வரை எண்ணிய பிறகும் அப்படியே இருந்தது. இப்படிப்பட்டவர்களை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. போவதற்கு முன் பட்டியலுக்காகக் கேட்டேன்.

"தேவகி, உனக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது இந்த நோய் இருந்துதா?"

"இல்லக்கா."

"எங்க வேலைக்குப் போற?"

"உப்பளத்துக்கு."

"அம்சவல்லின்னு ஒருத்தங்க, தெரியுமா?"

அவள் கணவனைப் பார்த்தாள். "தெரியாதுக்கா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அம்சவல்லி ஆறாவது மாதத்து மாத்திரை வாங்க வந்தார். தேறியிருந்தார், ஜாக்கெட் தையலில் ஒன்றைப் பிரித்துவிட்டிருந்தார். சித்திரையிலிருந்தே மறுபடி வேலைக்குப் போவதாகச் சொன்னார். மாத்திரையைக் கையில் வாங்கியவர் போகாமல் நின்றார்.

"பாப்பா, தேவகின்னு ஒரு பொண்ணு வந்துச்சாமே? பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டீங்களாமே?"

"உங்களுக்கு அவளத் தெரியுமா?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியுமாவா? போன வருசம் ஆடியிலேர்ந்து மழ வர வரைக்கும் எம் மடியிலதான் தலைய வச்சுத் தூங்கிக்கினு வரும். கைக்கொழந்தக்காரி. ராத்திரில தூக்கம் கெடையாது. வண்டியில ஏறுனதும் படுத்துக்கும்."

"எந்த வண்டியில?"

அதைச் சொல்லிவிட்டோமே என்று அவர் முகம் மாறியது. பிறகு உட்கார்ந்து சொன்னார். நான்கு ஊரிலிருந்து பதினாறு பெண்கள் ஒரு லோடு வண்டியில் உப்பளத்துக்குப் போய் வருகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஈ.சி.ஆர். ரோட்டில் போலீஸ் பார்த்தால் வண்டியைப் பிடித்துவிடும். ஆகவே தார்ப்பாயை நான்கு பக்கமும் இறக்கிக் கட்டிவிடுவார்கள். விடியும் முன்பே போக முக்கால் மணி, வர முக்கால் மணி. பஸ் அந்த நேரத்துக்குக் கிடையாது. இருந்தாலும் உப்பளத்துக்குள் போகாது.

"எழுதிடாத பாப்பா. எழுதிட்டீன்னா வண்டி போயிடும். வண்டி போச்சுன்னா பதினாறு வீட்டுல அடுப்பு எரியாது. அதனாலதான் ஒருத்தரத் தெரியும்னு ஒருத்தர் சொல்ல மாட்டோம்."

நான் போய் மருத்துவரிடம் சொன்னேன். அவர் தை மாதத்துப் பதிவேட்டை எடுத்து, நான் எழுதிய "இல்லை" இருந்த பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பதிவேட்டை மூடினார். "இன்னும் பதினாலு பேர் இருக்காங்க. அவங்க தேவகி மாதிரி ஆகறதுக்குள்ள பாத்தாகணும். முதல்ல நீ போய் அந்த வண்டியில உக்காந்து பாரு" என்றார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, வேலை முடிந்து பெண்கள் திரும்பும் நேரத்துக்கு உப்பளத்தில் போய் நின்றேன். வண்டிக்காரர் ஜப்பார் பாய், ஒல்லியான மனிதர், அவருடைய தம்பி துபாயிலிருந்து அனுப்பியதைப் போட்டு வாங்கிய வண்டி. அம்சவல்லி என்னை "நம்ம லேப் பொண்ணு" என்று அறிமுகப்படுத்தினார். அஞ்சலை என்ற பெருத்த குரல்காரி உடனே, "இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கு யாரும் வர்லன்னு எங்க சளிய வண்டிக்கே வந்து புடிக்கப் போறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே ஏறிக்கொண்டேன்.

வண்டியில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது. முதலில் ஏறுகிற ஊர்க்காரர்கள் ஓட்டுநர் பக்கத்துப் பலகைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். கடைசி ஊர்க்காரர்கள் பின்கதவு ஓரம். யாரும் இடம் மாறமாட்டார்கள். முன்பக்க இடது மூலை அம்சவல்லிக்கு. அதன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் காலியாக இருந்தது. என்னை அங்கே உட்காரச் சொன்னார்கள். அது தேவகியின் இடம். கயிறு இறுக்கிக் கட்டும் சத்தம் கேட்டது, உள்ளே இருட்டாயிற்று. ஐந்து நிமிடத்தில் என் கண்ணாடியில் ஆவி படிந்தது. தார்ப்பாயைத் தொட்டேன்; ஈரமாக இருந்தது. அது பதினாறு பேரின் மூச்சு. அந்த முக்கால் மணி நேரமும் என் கை பையிலிருந்த நோட்டில் இருட்டிலேயே யாருக்குப் பக்கத்தில் யார் என்று எழுதிக்கொண்டிருந்தது.

கடைசி நிறுத்தத்தில் தார்ப்பாயைத் தூக்கியதும் விஷயத்தைச் சொன்னேன். தேவகிக்கு என்ன, அது எப்படி வந்திருக்கலாம், எல்லோரும் ஏன் படம் எடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"வண்டிய நிறுத்திட்டா நீ வந்து சோறு போடுவியா?" என்றாள் அஞ்சலை.

ஜப்பார் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா. தார்ப்பாயத் தொறந்தா போலீஸ் புடிக்குது, மூடுனா வியாதி புடிக்குது. நான் என்னாதான்மா பண்றது, நீயே சொல்லு."

யாரும் பெயர் சொல்லாமல் இறங்கிப் போனார்கள்.

மருத்துவரிடம் திரும்பி வந்து சொன்னபோது ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். "படிவத்துல வேலையிடத் தொடர்புன்னுதானே இருக்கு? கூட வேலை செய்றவங்கன்னு எழுது. அது உண்மை. எதுல உக்காந்து போறாங்கன்னு அங்க கட்டம் இல்ல. வண்டிக்கு என்ன செய்யணும்னு நான் மேல பேசறேன், நம்பர் சொல்லாம" என்றார். அது சரியா என்று எனக்கு இன்றும் முழுத் தெளிவில்லை. ஆனால் அன்று அவர் அப்போதே ஜப்பார் பாய்க்குப் போன் போட்டு, தன் வீட்டில் பேசுவதுபோலப் பேசினார். "பாய், உங்கள புடிச்சுக் குடுக்க நான் ஒக்காந்திருக்கல. நாளைக்கு அவங்கள ஏத்திக்கிட்டு நேரா இங்க வாங்க. நீங்களும் முன்னாடிதானே உக்காந்து ஓட்டுறீங்க? மொதல் படம் உங்களுக்குத்தான்."

மறுநாள் மதியம் அந்த வண்டி எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வந்து நின்றது. மாதம் ஒரு முறை வரும் எக்ஸ்ரேவை மருத்துவர் முன்கூட்டியே வரவழைத்திருந்தார். தார்ப்பாய் தூக்கப்பட்டது. உப்பு படிந்த கால்களோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஜப்பார் பாய் முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றினார். பெண்கள் பெயர் கொடுத்தார்கள். இருவர் படத்தில் நிழல் தெரிந்தது. ஒருத்தி தேவகிக்கு எதிரே உட்காருபவள். இன்னொருத்தி அஞ்சலை.

"எனக்கா?" அஞ்சலையின் குரல் கட்டடத்தின் முன்பக்கம் வரை கேட்டது. "நான் ஒரு நாளு இருமி இருக்கறனாடி? சொல்லுங்கடி யாராவது!"

அவள் இருமியதே இல்லை என்பது உண்மைதான். சளியை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தபோது இருவருக்கும் நோய் உறுதியானது. நல்ல வேளையாக, வழக்கமான மருந்துக்கு அடங்கும் வகை. இருவருமே எடை குறைவதற்கு முன்பே அகப்பட்டுவிட்டார்கள். குந்தச் சொன்னபோது அஞ்சலை கை ஊன்றாமல் துள்ளி எழுந்து, "பாத்துக்க" என்றாள். தேவகியின் குழந்தையையும் கூட்டிவரச் சொல்லிப் பார்த்தோம். அதற்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து தொடங்கினோம்.

ஜப்பார் பாய் அந்த வாரமே தார்ப்பாயின் முன்பக்கம், ஓட்டுநர் கூரைக்கு மேலே, இரண்டு பெரிய துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டார். ரோட்டில் நிற்பவருக்கு அது தெரியாது. வண்டி ஓடும்போது காற்று உள்ளே நுழைந்து பின்பக்கம் வெளியே போகும். அதுவே போதும் என்று நான் சொல்லமாட்டேன். உப்பளத்துக்குப் பஸ் விடச் சொல்லி மருத்துவர் எழுதிய கடிதத்துக்கு நான் விலகும் வரை பதில் வரவில்லை.

தேவகி மாவட்ட மருத்துவமனையில் ஒன்பதாவது நாள் இறந்தாள். மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்குள் உடம்பு தாங்கவில்லை என்றார்கள். தொலைபேசியில் சொன்ன செவிலியர், கடைசி இரண்டு நாள் அவள் நன்றாகச் சாப்பிட்டாள் என்றும் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னது நல்லது.

மாத்திரை முடிந்ததும் அம்சவல்லி கடைசிப் பரிசோதனைக்கு வந்தார். மதில் ஓரம் வெயிலில் நின்று சளி கொடுத்தார். கிருமி இல்லை. எடை ஏழு கிலோ கூடியிருந்தது. சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. டப்பா வைக்கும் திண்டின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தப் பொண்ணுக்கு என்னாலதான் வந்துச்சா?"

இதற்கு எங்கள் படிப்பில் சரியான பதில் உண்டு: உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதியையும் சொன்னேன்.

"உங்க கிட்டேர்ந்து வந்திருக்கலாம். ஆனா அது உங்க தப்பு இல்ல. உங்களுக்கு நோய் இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. தை மாசமே அந்தக் கட்டத்துல நான் சரியாக் கேட்டு எழுதியிருந்தா, அப்பவே அவளக் கூப்பிட்டுப் பாத்திருப்போம். அப்ப அவளால எழுந்து நிக்க முடிஞ்சிருக்கும். டாக்டர் கேட்டாங்க. நான்தான் இல்லன்னு எழுதினேன். தப்பு என்னோடது."

பல நாளாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த வாக்கியம் அது. அம்சவல்லி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். உப்பு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள்.

"நீ கேட்டிருந்தாலும்," என்றார், "நான் சொல்லியிருக்க மாட்டேம்மா."